மர்மோத்தா மகிமை மீட்புக் குழு

முன்னேற விரும்பும் நிறுவனம் முதலில் பின்னோக்கிப் போக வேண்டும் என்ற பேருண்மையை மனித குலத்துக்கு அருளிய பெருமை, இத்தாலியின் தூரின் நகரத்து வல்மேரா கார் கம்பெனியையே சேரும். காரில் பின்னால் போவதற்கு ஒரே ஒரு கியர்தான் இருக்கிறது. வல்மேராவோ அதற்கென்று ஒன்பது பேர் கொண்ட ஒரு குழுவையே அமைத்தது.

குழுவின் பெயர் 'மகிமை மீட்புக் குழு'. மீட்க வேண்டிய மகிமை, 1969-இல் வெளிவந்த மர்மோத்தா என்ற சின்னஞ்சிறு கார். மலையில் வளை தோண்டி வாழும் கொழுகொழுப் பிராணியின் பெயர் அது. காரும் பார்க்க அப்படித்தான் இருக்கும். இருபது லட்சம் விற்றது. அதற்குப் பிறகு வல்மேரா செய்த கார்கள் வடிவமைப்புக்காகப் பல பரிசுகளை வென்றன. அவற்றை வாங்க யாரும் வராததால், பரிசுகளை அடுக்கி வைக்க ஷோரூமில் இடத்துக்கும் பஞ்சமில்லை.

ஒர்னெல்லா வியெத்தி அந்தக் கம்பெனியின் களிமண் பட்டறையில் இருந்தாள். புதுக் கார் எதுவானாலும் முதலில் களிமண்ணில்தான் முழு உருவம் எடுக்கும். அதைச் செதுக்கி, தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இடது பக்கம் அரை மில்லிமீட்டர் தொங்குது" என்று சொல்வது அவள் உத்தியோகம். பட்டறையில் மொத்தம் பதினோரு பேர். மகிமை மீளாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று நிர்வாகம் மிகுந்த அன்போடு தெரிவித்திருந்தது. ஒர்னெல்லாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. உள்ளங்கையில் தொழில் வைத்திருப்பவளை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள்? ஆகவே குழு ஜெயிக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவள்தான்.

குழு மும்முரமாக உழைத்தது. அருங்காட்சியகத்தில் இருந்த கடைசி மர்மோத்தாவை அங்குலம் அங்குலமாக அளந்தது. அதன் சீட்டு வாசனையைக் கண்ணாடிச் சிமிழில் பிடித்து வைத்தது. கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்ட இசைப் பேராசிரியர் ஒருவர், அதில் 'சற்றே சோகம் கலந்த நம்பிக்கை' இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்தார். ஒரே குறை, குழு எதிலும் ஏகமனதாக முடிவெடுத்ததில்லை. காபி எப்போது என்பதைக்கூட ஐந்துக்கு நான்கு என்றுதான் தீர்மானித்தார்கள்.

களிமண்ணுக்கு அளவு எடுக்க ஒர்னெல்லாவும் அருங்காட்சியகம் போனாள். காரின் மீட்டர் அவள் கண்ணில் பட்டது. போன வருடக் குறிப்பேட்டில் இருந்ததைவிட ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் கூட ஓடியிருந்தது.

"செவெரினோ அண்ணே, இந்த வண்டி எங்கயும் போறதில்லதானே?" என்று காவலாளியைக் கேட்டாள்.

செவெரினோ கூரையைப் பார்த்தார். "வயசான வண்டிம்மா. அப்பப்ப கொஞ்சம் காலை நீட்டிக்கும்."

அடுத்த கூட்டத்தில்தான் அந்த மாபெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. மிலானிலிருந்து வரவழைக்கப்பட்ட 'உணர்வு ஆலோசகர்' லுடோவிக்கா ஸ்த்ராதா, மர்மோத்தாவின் பழைய வரைபடத்தைச் சுவரில் விரித்தார்.

"இதோ பாருங்க. முன் சீட்டுக்குப் பின்னாடி, தரையில ஒரு வட்டம். நாப்பத்திரண்டு சென்டிமீட்டர். பேர் இல்ல, குறிப்பு இல்ல. பழைய வண்டியிலயும் அதே இடத்துல ஒரு குழி. ஒரு மேதை சும்மா வட்டம் போடுவாரா?"

குழு பெருமூச்சு விட்டது.

"இதுதான் 'வெறுமையின் மையம்'," என்றார் லுடோவிக்கா. "இருபது லட்சம் பேரை இழுத்தது இந்த வெறுமைதான். புது வண்டியில இந்தக் குழிய மூடி, கவிழ்த்த கிண்ணம் மாதிரி வெளிச்சம் வர்ற ஒரு குமிழ் வெக்கிறோம். அதுமேல எதையும் வெக்கக் கூடாது."

மூலையில் நின்ற ஒர்னெல்லாவுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், அது குடுவை."

"என்னது?"

"ஒயின் குடுவை. மார்ச் மாசம் மலைப்பக்கம் போய் ஒயின் வாங்கிட்டு வருவோம்ல, தேய்பிறை பார்த்து வீட்டுல பாட்டில்ல ஊத்துறதுக்கு? பிரம்புக் கூடை போட்ட பெரிய கண்ணாடிக் குடுவை. மத்த வண்டியில எல்லாம் அது உருளும், உடையும். மர்மோத்தாவுல மட்டும் கச்சிதமா உக்காரும். எங்கப்பா அதுக்காகவே வாங்கினார். எங்க தெருவே அதுக்காகத்தான் வாங்கிச்சு. குடுவைக்கு ரெண்டு பக்கமும் காலைப் போட்டுக்கிட்டு நான் பின்னாடி உக்காந்து வருவேன். முப்பது லிட்டர் புடிக்கும்."

"முப்பத்தி நாலு," என்றார் குழுவின் தலைவரான இயக்குநர் ஃபெர்ருவா, தன்னை அறியாமல்.

மற்ற எட்டு உறுப்பினர்களுக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

லுடோவிக்கா கனிவாகச் சிரித்தார். "ஒர்னெல்லா, ஜனங்க வண்டியில கனவைத்தான் ஏத்திட்டுப் போறாங்க."

"கனவு உருளாது மேடம். குடுவைதான் உருளும்."

"போதும்மா," என்றார் ஃபெர்ருவா, வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "மகிமையப் பத்திப் பேசிட்டிருக்கோம், நீ மளிகை சாமான் பேசுற. அவ்வளவு அவசியம்னா குடுவைய மடியில வெச்சுக்கட்டும்."

குமிழ் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நிறைவேறியது.

ஒர்னெல்லா ஒரு தந்திரம் செய்தாள். களிமண் மாதிரியில் அந்த வட்டத்தைக் குழியாகவே விட்டு வைத்தாள். யாராவது உள்ளே குனிந்து பார்த்தால் புத்தி வரும் என்று நம்பினாள். ஃபெர்ருவா வந்தார், குனிந்தார், குழியில் கையை வைத்து ஒரு கணம் பாசமாகத் தடவினார். பிறகு நிமிர்ந்து, "மூடிடு," என்றார். அவர் போன பிறகு அவளுக்கு அழுகை வந்தது. கோபம் முற்றி வந்த அழுகை. அழுதுகொண்டேதான் அந்தக் குமிழைச் செதுக்கினாள். சும்மா சொல்லக் கூடாது, அரை மில்லிமீட்டர் கோணல் இல்லாத குமிழ்.

'மர்மோத்தா மறுபிறவி' இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. அப்பாவிடம் பழைய மர்மோத்தா இருந்தது என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் ஷோரூமுக்குத் திரண்டு வந்தார்கள். கதவைத் திறந்து சாத்தி, சத்தத்தைக் கேட்டுக் கண் கலங்கினார்கள். பிறகு பின்பக்கம் எட்டிப் பார்த்து எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"இதக் கழட்ட முடியுமா?"

"முடியாதுங்க," என்றான் விற்பனையாளன். "அது வெறுமை."

"அப்ப குடுவைய எங்க வெக்கிறது?"

விற்பனையாளன் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினான். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குளிர்காலம் முடிவதற்குள் விற்றவை முந்நூற்றுப் பன்னிரண்டு.

குழு இறுதி அறிக்கை வெளியிட்டது. வடிவமைப்பில் தவறே இல்லை, தவறெல்லாம் மக்களின் மறதியில்தான் என்று நூற்றுநாற்பது பக்கங்களில் அது நிறுவியது. மறதியைக் குணப்படுத்தக் கம்பெனியிடம் வசதியில்லாததால், களிமண் பட்டறையை பிப்ரவரி கடைசியோடு மூடுவதாக முடிவானது. இதிலும் இரண்டு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள் என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

கடைசி வாரம் செவெரினோ ஒரு வேலை உத்தரவோடு பட்டறைக்கு வந்தார். கூடவே அருங்காட்சியகத்து மர்மோத்தாவையும் ஓட்டி வந்திருந்தார். ஒர்னெல்லா உத்தரவை உரக்கப் படித்தாள்: 'மார்ச் தேய்பிறைக்கு முன்னதாக இந்த வாகனத்தைச் செப்பனிடுக. பின்தரை வட்டம் தளர்ந்துவிட்டது. அதில் நிற்கும் கண்ணாடி கடகடக்கிறது. உடனடிக் கவனம் தேவை.'

கீழே ஒன்பது கையெழுத்துகள். மகிமை மீட்புக் குழுவின் சரித்திரத்தில் ஏகமனதான தீர்மானம் அது ஒன்றுதான்.

பட்டறையின் பதினோரு பேரும் எட்டிப் பார்த்துக் கையெழுத்துகளை எண்ணினார்கள்.

"வருஷா வருஷமா அண்ணே?" என்றாள் ஒர்னெல்லா.

"ஆளுக்கு ஒரு நாள் முறை போட்டு எடுத்துட்டுப் போவாங்க. வேற எந்த வண்டியிலயும் குடுவை நிக்காதும்மா, அவங்களும் என்ன பண்ணுவாங்க?"

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

செவெரினோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பத்தாவது நாள் என் முறைம்மா."

ஒர்னெல்லா அவரைத் திட்டவில்லை. நேரே கிடங்குக்குப் போனாள். மறுபிறவிக் கார்களுக்காக வார்த்த குமிழ்கள் அங்கே விற்காமல் குவிந்து கிடந்தன. நல்லதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து வந்து பழைய மர்மோத்தாவின் வட்டத்தில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. நான்கு போல்ட் போதுமான இடத்தில் பட்டறைக்காரர்கள் பதினோரு போல்ட் முடுக்கினார்கள், ஆளுக்கு ஒன்று. பிறகு போல்ட்டுகளின் தலையை அரத்தால் சீவி, பற்றவைத்து, தேய்த்தார்கள். ஒர்னெல்லா கடைசி முறையாக உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். கோணல் இல்லை.

வேலை முடிந்த சீட்டை அவளே தன் கைப்பட எழுதி, ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிட்டாள்:

'மகிமை மீட்புக் குழுவின் சமூகத்துக்கு. உத்தரவுப்படி வட்டம் சீர்செய்யப்பட்டது. அது எதற்கான வட்டம் என்பது ஒன்பது பேருக்கும் நன்றாகத் தெரியும் என்று கையெழுத்துகளிலிருந்து அறிந்துகொண்டோம். இனி கண்ணாடி கடகடக்காது. குடுவையை மடியில் வைத்துக்கொள்ளவும்.'