ஏழு சர்வருக்கு ஏழு பொட்டலம்

தைச்சுங்,
நிலாத் திருநாள் ஆர்டர் திறப்பதற்கு முந்தைய நாள்.

மதிப்பிற்குரிய மைத்துனர் பை ச்சீ-யுவான் அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் யென் குவாங்-தி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் அக்கா சூ-லானும் உடலளவில் சுகம். தங்கள் சின்ச்சு ஊரின் பலத்த காற்றில் பறந்துவிடாமல் தாங்களும் தங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் அனுப்பிய பேரிக்காய்ப் பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டி மிக அழகாக இருந்தது. பழங்களைப் பற்றி எழுதுவதற்கில்லை. எதையும் திறந்து பார்க்காமல் அனுப்புவது தங்கள் தொழில் முறை என்று இப்போது எனக்குப் பழகிவிட்டது. இதைக் கையால் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தட்டச்சு செய்து அனுப்பும் எதையும் தாங்கள் முதல் இரண்டு வரிக்கு மேல் படிப்பதில்லை. இந்த ஆறு பக்கங்களையும் படம் பிடித்துத் தங்கள் போனுக்கு அனுப்புவேன். பெரிதாக்கிப் பார்த்துப் படிக்கவும்.

நாளைக் காலை எங்கள் கேக் கடையின் நிலாத் திருநாள் ஆர்டர் திறக்கிறது. வருடத்தில் பாதி வியாபாரம் இந்தச் சில நாட்களில்தான் நடக்கும். இணைய ஆர்டர்களை வாங்கும் கம்ப்யூட்டர் சர்வர்கள் ஒழுங்காக ஓடினால் சர்வர் அறை என் பொறுப்பிலேயே இருக்கும். ஓடாவிட்டால் அது தங்கள் கம்பெனியின் கைக்குப் போகும், பொறியியல் பட்டம் பெற்று, இத்தனை வருடம் இங்கே வேலை செய்த நான் கேக் பெட்டி மடிக்கும் பிரிவுக்குப் போவேன். இதை நான் கற்பனை செய்யவில்லை. முதலாளியம்மா லுவோ என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "அங்கே ஆள் குறைவா இருக்கு யென். உங்க விரல் நல்லா நீளமா இருக்கு. பெட்டி மடிக்க வசதியா இருக்கும்." இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது யார் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் என் மகள் கல்யாண விருந்தில் ஆரம்பித்தது. தங்களுக்கு நான் ஒதுக்கியிருந்த இடம் சமையலறைக் கதவை ஒட்டிய மேசை. கடைசி நேரத்தில் தங்களைத் தூக்கி முதலாளியம்மாவின் பக்கத்தில் உட்கார வைத்தது தங்கள் அக்கா. இறால் தட்டு வருவதற்குள் தாங்கள் எங்கள் கடைக்குள் மொத்தமாக நுழைந்துவிட்டீர்கள். "ஏழு மெஷினா? கேக் விக்கிறதுக்கா?" என்று கேட்டீர்கள். "ஒரு நல்ல மெஷின் போதும்மா. அதுக்குள்ளயே ஏழு சர்வர் ஓட்டலாம். லினக்ஸ்ல எல்லாமே இலவசம்" என்றீர்கள். முதலாளியம்மாவுக்கு லினக்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததா தெரியாது, இலவசம் என்ற சொல் விழுந்துவிட்டது. "உள்ளேன்னா எப்படி உள்ளே?" என்றார். "ஒரே கட்டடத்துல ஏழு குடித்தனம் இருக்கிற மாதிரி. மெய்நிகர் சர்வர்னு பேரு." அதற்கு அந்த அம்மாள், "அப்ப இவ்வளவு வருஷமா எங்க யென் ஏழு தனி வீடு கட்டிக் காவல் காத்துக்கிட்டு இருந்தாரா?" என்று கேட்க, மேசையே சிரித்தது. நான் அப்போது மேசை மேசையாகப் போய் மதுக் கிண்ணத்தை உயர்த்திக்கொண்டு அந்த மேசைக்குத்தான் வந்து நின்றிருந்தேன். என் மகளின் மாமனாரும் சிரித்தார். இன்றுவரை என்னைப் பார்த்தால், "வீடு எத்தனை?" என்று கேட்கிறார்.

பிறகு ஒரு சனிக்கிழமை தாங்கள் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு வந்தீர்கள். புது மெஷினில் ஒரு மெய்நிகர் சர்வரை ஒழுங்காக அமைத்தீர்கள், மற்ற ஆறையும் அதிலிருந்து அப்படியே நகல் எடுத்தீர்கள். ஆர்டருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, ஊழியர் விடுப்புக்கு ஒன்று, இப்படி ஏழு. என்னை நாற்காலி கொண்டுவரச் சொன்னீர்கள். குளிர்ந்த தேநீர் வாங்கிவரச் சொன்னீர்கள், சர்க்கரை பாதி, ஐஸ் குறைவு. நான் திரும்பி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டதாம். ஏதாவது பழுது வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "பழுதெல்லாம் வராது அத்தான். வந்தா போன் பண்ணுங்க." பழுது வந்தது. போன் பண்ணினேன். நீ கூட்டத்தில் இருந்தாய். மறுபடி பண்ணினேன். நீ வேறொரு கூட்டத்தில் இருந்தாய். இவ்வளவு கூட்டம் போடுகிறவர்கள் எப்போது வேலை செய்கிறார்கள் என்பதை உன் கம்பெனியில் யாராவது ஒரு கூட்டம் போட்டு விசாரிக்கலாம்.

முதல் பழுது பொட்டலத்தால் வந்தது. உனக்கே தெரியும், சர்வரின் தலைமேல் பச்சைப் பொட்டலம் வைக்காத அலுவலகம் இந்தத் தீவில் இல்லை. தேங்காய் வாசனை அடிக்கிற அந்தச் சோளப்பொரியைப் பச்சை உறையில்தான் வாங்க வேண்டும், மஞ்சளோ சிவப்போ ஆகாது. தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. அது இருந்தால் சர்வர் சொன்னபடி கேட்கும். நான் படித்தவன், இதை நம்புவதில்லை. நம்பாதவன் என்பதற்காக எடுத்துக் குப்பையில் போடுகிற அளவுக்கு முட்டாளும் இல்லை. பழைய ஏழு மெஷின்களிலும் ஏழு பொட்டலம் இருந்தது. மெஷின்களைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போன பிறகு, கணக்குப் பிரிவு ருய்-ஷியா அவற்றில் ஆறை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யென் சார், புது மெஷின் மேல ஒண்ணு வச்சாச்சு. மீதி ஆறை என்ன பண்றது?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பிள்ளைங்களுக்குக் குடுங்க."

"ஐயையோ! சர்வருக்கு வச்சதைத் தின்னா மாசக் கடைசியில கணக்கு படுத்துக்கும். போன தடவை யாரோ தின்னுதான் சம்பளம் லேட்டாச்சு."

"இப்ப இருக்கிறது ஒரே மெஷின். ஒண்ணு போதும்."

"மெஷின் ஒண்ணு. சர்வர் ஏழுன்னு நீங்கதானே சொன்னீங்க? மத்த ஆறு சர்வர் என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் உனக்குப் போன் பண்ணினாள். என் போனை எடுக்காத நீ அவள் போனை எடுத்தாய். அறை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சிரித்துவிட்டு, "அக்கா, ஏழு குடித்தனம்னா ஏழு பேருக்கும் சாப்பாடு வைக்கணும்ல? ஆளுக்கு ஒண்ணு வச்சுடுங்க" என்றாய். உனக்கு அது வேடிக்கை. அவளுக்கு அது நிபுணர் வாக்கு. நீ வாங்கிக் கொடுத்த மெஷினோ தட்டையான பெட்டி, அதுவும் அலமாரித் தட்டுக்குள் செருகியது. அதன் தலைமேல் ஒரு பொட்டலத்துக்கு மேல் இடமில்லை. ஆகவே மீதி ஆறையும் மெஷினின் முதுகுப் பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, விழாமல் இருக்கப் பட்டையான ஒட்டு நாடாவால் இறுக்கி ஒட்டிவிட்டாள். சூட்டுக் காற்று வெளியே வருவது முதுகுப் பக்கம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அங்கே கதகதப்பாக இருந்ததால் பொரி நமுத்துப் போகாது என்று நினைத்தாளாம். மறுநாள் மதியம் மெஷினுக்குக் காய்ச்சல் ஏறி, தானே அணைந்துவிட்டது. ஏழு சர்வரும் ஒரே நொடியில் போயின. பழைய ஏற்பாட்டில் ஒன்று படுத்தால் மற்ற ஆறும் ஓடிக்கொண்டிருக்கும். கல்யாண மேசையில் சிரித்தவர்கள் யாரும் அப்போது அந்த அறையில் இல்லை. நான் மட்டும் தரையில் உட்கார்ந்து, பலூன் மாதிரி உப்பிப் போயிருந்த பொட்டலங்களைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தேன். என் சட்டை இன்னும் தேங்காய் வாசனை அடிக்கிறது. கடைசியில் முதலாளியம்மா வந்து தீர்ப்புச் சொன்னார்: "ஏழும் இருக்கட்டும். ஆனா தள்ளி இருக்கட்டும்." இப்போது ஒரு பொட்டலம் மெஷின் தலைமேலேயே இருக்க, மீதி ஆறும் அலமாரிக் கதவில் கயிறு கட்டித் தொங்குகின்றன. படித்தவர்கள் அமைத்த சர்வர் அறை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது பழுது முழுக்க முழுக்க உன் கைவண்ணம். மெஷினை எழுப்பிய பிறகு ஆர்டர் பக்கம் வரும், போகும். ஒரு தடவை திறந்தால் கேக் படம், அடுத்த தடவை திறந்தால் ஊழியர் விடுப்பு விண்ணப்பம். முதலாளியம்மா சோதனைக்காகத் தன் மேசையிலிருந்தே ஓர் ஆர்டர் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யென், நான் மஞ்சள்கரு கேக் ஆறு பெட்டி கேட்டேன். 'உங்கள் விடுப்பு விண்ணப்பம் பெறப்பட்டது'ன்னு வருது."

"ஒரு நிமிஷம் பாக்கறேன்மா."

"எனக்கு யாரு லீவு குடுக்கறது?"

"நீங்கதாம்மா குடுக்கணும்."

"நான் குடுக்க மாட்டேன். பண்டிகை நேரம்."

அன்றைக்குத்தான் பெட்டி மடிக்கும் பிரிவைப் பற்றிய பேச்சு வந்தது. உன்னைப் பிடிக்க முடியாததால் உன் மனைவியைப் பிடித்து, அவள் மூலம் உன்னைப் பிடித்தேன். நீ எதையோ மென்றுகொண்டே பேசினாய். "அத்தான், நகல் எடுத்ததுக்கப்புறம் ஒவ்வொண்ணுக்கும் அடையாள எண்ணை மாத்தினீங்கல்ல?" என்றாய். நகல் எடுத்தது யார் என்று கேட்டேன். "நான்தான். மாத்துறதை உங்களுக்குன்னு விட்டேன். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அதைக் கூடவா சொல்லணும்?" ஒரே அடையாள அட்டையை ஏழு பேர் கையிலும் கொடுத்து அனுப்பிவிட்டு, எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்கிறாய்! முகவரி வழங்கும் சாதனம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் முகவரி கொடுக்கிறது. ஆர்டர் சர்வர் போய்க் கேட்டாலும் அதே ஆள், விடுப்புச் சர்வர் போய்க் கேட்டாலும் அதே ஆள் என்று நினைத்து, இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்துவிட்டது. எது முதலில் கத்துகிறதோ அது வீட்டுக்குள், மற்றது தெருவில். நீ சொல்வதற்கு முன்பே எனக்கு இந்தச் சந்தேகம் இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். நான்தான் வாய் விட்டுச் சொல்லவில்லை. ஏழுக்கும் தனித்தனி எண் உண்டாக்கி, ஒவ்வொன்றாக எழுப்பி, ஒவ்வொன்றும் தன் முகவரிக்குப் போய் உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். அதற்கு எனக்கு எந்தக் கூட்டமும் தேவைப்படவில்லை.

உன் அப்பா இதைக் கேட்டாலும் நம்பமாட்டார். வருடா வருடம் நிலாத் திருநாளன்று உங்கள் வீட்டு வாசலில் இறைச்சி சுடும்போது கரி விசிறுவது யார்? கண் சிவக்க நான் விசிறுவேன். இறைச்சி வெந்து வாசனை தெருமுனைக்குப் போகும் நேரம் பார்த்து நீ காரிலிருந்து இறங்குவாய். "ச்சீ-யுவான் களைச்சு வந்திருக்கான், முதல் துண்டு அவனுக்கு" என்பார் உன் அப்பா. பக்கத்து வீட்டுக்காரர் வந்தால், "இவன் என் பையன், கம்ப்யூட்டர் எஞ்சினியர். இவர் மாப்பிள்ளை, கேக் கடையில இருக்கார்" என்பார். நாம் இரண்டு பேரும் படித்தது ஒரே படிப்பு. என் மதிப்பெண் உன்னுடையதை விட அதிகம். உன் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோதே சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினேன். உன் அப்பா அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

ஆகவே என் முடிவு இது. இந்த மெஷினின் பக்கம் இனி நீ வரவேண்டாம். போனிலும் யோசனை சொல்லவேண்டாம், குறிப்பாக ருய்-ஷியாவுக்கு. நடந்த தவறுகள் எல்லாம் உன்னுடையவை, சரி செய்தது யென் குவாங்-தி என்று முதலாளியம்மாவுக்கு இன்றைக்கே நீ ஒரு வரி எழுத வேண்டும். இந்த நிமிடம் ஏழு சர்வரும் என் கையின் கீழ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கின்றன. உன் தயவு எனக்கு இப்போதும் தேவையில்லை, எப்போதும் தேவைப்படப் போவதில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. போனை உன் கையில் கொண்டுவந்து கொடுத்த ஒரே ஆள் அவள்தான். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைப் போல் ஆகாமல் நல்ல நிலைக்கு வரட்டும். உன் பெற்றோருக்கு என் வணக்கம். உன் உடம்பைப் பார்த்துக்கொள், கூட்டங்களில் அதிகம் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும்.

இப்படிக்கு,
சர்வர் அறைப் பொறுப்பாளர்
யென் குவாங்-தி

பின்குறிப்பு: மேலே உள்ள ஆறு பக்கங்களையும் படம் பிடித்து அனுப்பிய கையோடு, விடுப்புச் சர்வரை மட்டும் ஒரு தடவை அணைத்து எழுப்பிப் பார்க்கலாம் என்று போனேன். திரையில் இரண்டு கறுப்புச் சன்னல்கள் இருந்தன. ஒன்று விடுப்புச் சர்வர், மற்றது மெஷின். இரண்டுக்கும் ஒரே முகம். அணை என்ற கட்டளையை மெஷினுக்கே கொடுத்துவிட்டேன். ஏழும் போய்விட்டன. பொத்தானை அமுக்கி மெஷினை எழுப்பி, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்ததில் ஆறு எழுந்துவிட்டன. ஆர்டர் சர்வர் எழவில்லை. தன் சேமிப்பு வட்டில் கோளாறு இருக்கிறது, சரி செய்யட்டுமா, ஆமா இல்லையா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஆமாம் என்று அடித்தால் சரியாகுமா, உள்ளதும் போகுமா தெரியவில்லை. விரலை விசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ருய்-ஷியா பக்கத்தில் நின்று, "ஆறு பேரு எந்திரிச்சாச்சு, ஏழாவது ஆளு கோவிச்சுக்கிட்டாரு" என்கிறாள். முதலாளியம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ அவருக்கு எதுவும் எழுத வேண்டாம். கிளம்பி வா. அந்த ஆறு படங்களையும் திறக்காதே, அவை வேறு ஒருவருக்கு அனுப்பியவை, தவறி உனக்கு வந்துவிட்டன.

இன்னொரு பின்குறிப்பு: ஆறு படங்களுக்கும் நீ படித்ததாகக் குறி விழுந்துவிட்டது. சரி. அடுத்த ரயிலைப் பிடி. நிலையத்து வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கிறேன். பின்னால் உட்கார்ந்து வரும்போது மட்டும் எதுவும் பேசாதே.