எந்த நாய் கொண்டுவந்தது?

“குட்டி எங்கே?” என்று மனைவி கேட்டாள்.

“ஆஸ்பத்திரியில. டிரிப் ஏறுது. விடிஞ்சதுல இருந்து ரத்தமா போகுதுல்ல, குடல் வைரஸா இருக்கலாம்னு டாக்டர் சந்தேகப்படறார். டெஸ்ட் முடிவு ஒரு மணி நேரத்துல தெரியுமாம். நாலு மாசக் குட்டி, தாங்கறது கஷ்டமாம்.” அவர் குரல் தழுதழுத்தது. அடுத்த நொடியே கொதித்தது. “எல்லா ஊசியும் போட்ட குட்டிக்கே இப்படின்னா, இந்த பில்டிங்ல எவ்வளவு வைரஸ் கொட்டிக் கிடக்கணும்! எந்த நாய் கொண்டுவந்ததுன்னு இன்னிக்கே கண்டுபிடிக்கறேன்.”

அவர் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். குடியிருப்பவர்கள் வைத்த பெயர் குக்கர். அவர் வீட்டில் இல்லாதபோது மனைவியும் அப்படித்தான் சொல்வாள்.

“கொஞ்சம் உட்காருங்களேன்.”

“நோய் வந்த நாயோட மலத்துல கோடிக்கணக்குல இருக்குமாம். தரையில மாசக்கணக்கா சாகாதாம். எவனோ அள்ளாம விட்டிருக்கான், நான் உட்காரணுமா?”

வாசலிலிருந்தே திரும்பினார்.

முதல் மாடியில் பல் டாக்டரம்மா கதவைத் திறந்தார்.

“உங்க நாய்க்குப் பேதியா?”

“காலங்காத்தால நல்ல கேள்வி. அதுக்கும் இல்ல, எனக்கும் இல்ல.”

அவர் நம்பவில்லை. காலில் கிடந்ததைக்கூடக் கழற்றாமல் உள்ளே புகுந்து சமையலறை, பால்கனி, நாயின் தண்ணீர்க் கிண்ணம் இருந்த மூலை எல்லாம் நடந்து பார்த்தார். கிழட்டு நாய் அவர் காலை நக்கி வாலாட்டியது. குற்றவாளி இவ்வளவு அன்பாக இருக்காது என்று வெளியே வந்தார்.

இரண்டாம் மாடி டாக்சி டிரைவர் வீட்டில் தாய்நாயும் மூன்று குட்டிகளும் இருந்தன.

“ஊசி போட்ட சீட்டைக் காட்டுங்க.”

“ஊசியா? வீட்டை விட்டே வெளிய போகாத நாய்க்கு எதுக்கு சார் ஊசி?”

முதல் விசில் அங்கே வந்தது.

“உங்களை மாதிரி ஆளுங்களாலதான்யா பரவுது! பொறுப்பு வேணாம்? நீங்க பாட்டுக்கு அசால்ட்டா இருப்பீங்க, அடுத்தவன் குட்டி சாகணுமா?”

“சார், குட்டிங்க பயப்படுது. மெதுவா பேசுங்க.”

அவர் மெதுவாகப் பேசவில்லை. குட்டிகள் விளையாடும் பாயில் ஏறி நின்று பத்து நிமிடம் பொறுப்பைப் பற்றிப் பேசினார்.

மூன்றாம் மாடி பேங்க் மேனேஜர் கதவைத் திறக்கவே இல்லை.

“அள்ளிக் கழுவிட்டு அப்புறம் திறக்கலாம்னு பாக்கறீங்களா?” என்று குக்கர் கதவை உதைத்தார்.

“வாரண்ட் இருக்கா?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

அது இரண்டாவது விசில். கீழே இறங்கிச் சங்கத்தின் மைக்கை எடுத்தார். “எல்லா நாயும் அஞ்சு நிமிஷத்துல பார்க்கிங்குக்கு வரணும். வராத நாய்தான் காரணம்னு எடுத்துக்குவேன்.”

பழிக்குப் பயந்து எல்லா நாய்களும் வந்தன, மேனேஜருடையது உட்பட. மனிதர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். நாய்களோ பழைய நண்பர்களைப்போல ஒன்றின் பின்புறத்தை ஒன்று முகர்ந்து நலம் விசாரித்தன. குக்கர் வரிசையின் ஊடே மேலும் கீழும் நடந்து, ஒவ்வொரு வாலையும் தூக்கிப் பார்த்தார்.

“உங்க கையை யாரு சார் கழுவறது?” என்றார் டாக்டரம்மா.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், நான் வார்டு கூட்டற அம்மா பேசறேன். டாக்டர் சொல்லச் சொன்னாரு. உங்க குட்டிக்கு வைரஸ் இல்லையாம். ஏதோ ரப்பர் பொம்மையைக் கடிச்சு முழுங்கியிருக்கு, துண்டு வெளிய வந்துடுச்சு. இப்ப குதிக்குது.”

குக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் அவரை முறைத்தது.

“அப்ப எங்க நாய்ங்க மேல பழி போட்டது?” என்றார் மேனேஜர்.

“வைரஸ் இல்லைன்னா சந்தோஷம்தானே, விடுங்க,” என்று டிரைவர் குட்டிகளை அள்ளிக்கொண்டார்.

போனில் அந்த அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

“இன்னொண்ணு சார், உங்க ஷூ இங்கயே கிடக்கு. நீங்க கோவத்துல வைரஸ் வார்டுக்குள்ள மட்டும் போடற செருப்போட கிளம்பிட்டீங்க. நாலு நாயோட பேதியை மிதிச்ச செருப்பு சார் அது, அதோட எங்கயும் நடந்துடாதீங்க.”