நூற்றுக்கு அறுபத்தைந்து மாப்பிள்ளை

திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களையும் தொடாமல் உயிர் வாழ்கிற ஒரே மனிதன் எங்கள் பர்சன்ட்தான். சாப்பிட்டாயா என்றால் முக்கால்வாசி என்பான். மழை வருமா என்றால் நாற்பது பர்சன்ட் என்பான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. பெயின்ட் கம்பெனியில் கலர் கலக்குகிற வேலை. நானும் அவனும் ஒரே அறையில் குடியிருந்தோம்.

ஐந்து பேர் டீக்கடைக்குப் போய் நான்கு டீ சொன்னால், ஆளுக்கு ஐந்தில் நான்கு பங்கு என்று கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊற்றுவான். பங்கு சரியாகத்தான் இருக்கும். டீ ஆறிப்போயிருக்கும்.

ஓர் ஆடித் தள்ளுபடியில் சட்டை எடுத்தேன். ஐம்பது சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு இருபது. ஆக எழுபது என்று பூரித்துப்போய் நின்றேன். "அந்த இருபது மீதி பாதிலதான்டா கழியும். பாதில இருபதுன்னா பத்து. மொத்தம் அறுபதுதான்" என்றான். என் சந்தோஷத்திலும் பத்து சதவீதம் அங்கேயே கழிந்தது.

இப்படிப்பட்டவன் கையில்தான் என் கல்யாணம் வந்து மாட்டியது. கடம்பத்தூரில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று மனசு சொல்லிவிட்டது. பெண்ணின் அப்பாவோ மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். சோப்பும் கையுமாகக் கதவிடுக்கில் காதை வைத்தேன்.

பையன் குடிப்பானா என்று முதலில் கேட்டார்.

"மாசத்துக்கு ஒரு பீர் சார். அத்த மூணு பேரு பிரிச்சிக்குவோம். இவன் பங்குலயும் அஞ்சு பர்சன்ட்தான் சரக்கு, மிச்சம் தண்ணி."

அவர் இருமினார். குணம் எப்படி என்றார்.

"நல்லவன் சார், அறுபத்தஞ்சு பர்சன்ட்."

"மீதி முப்பத்தஞ்சு?"

"தூக்கம் இருபது. கோவம் பத்து. மிச்ச அஞ்சு இன்னான்னு எனக்கே தெரில சார். கூட குடும்பம் நடத்துனாதான் தெரியும்."

வாளித் தண்ணீரிலேயே மூழ்கிவிடலாமா என்று பார்த்தேன். சோப்பு நுரை காய்ந்து முதுகு இழுத்தது. பிறகு அவர் குரலைத் தணித்துக் கேட்டார்.

"தம்பி, உனக்கு ஒரு தங்கச்சி இருந்தா இவனுக்குக் குடுப்பியா?"

போச்சு என்று நினைத்தேன். விரலை மடக்கி முப்பது, முப்பத்தைந்து என்று ஏதாவது சொல்லித் தொலைப்பான்; கடம்பத்தூரை மறந்துவிட வேண்டியதுதான்.

"கண்ண மூடிக்கினு குடுப்பேன் சார்."

அவ்வளவுதான் சொன்னான். எண்ணும் இல்லை, பங்கும் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

அந்தப் பெண்தான் இப்போது என் மனைவி. பர்சன்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எவ்வளவு என்று அவனே வந்து கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.