ஸ்டோரில் வைத்த குழம்பு

பிள்ளைகளா, அடுத்தவர்மேல் விரல் நீட்டும் முன்பு நம் வயிற்றை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அப்போது நான் கங்காணி. கோயில் பூசைக்குக் கறிக்குழம்பை முதல் நாள் சாயங்காலமே வைத்துவிட்டோம். அண்டாவை எங்கே வைப்பது? ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோர் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். (பச்சைக் காயையே பக்குவமாக்கும் அறை, குழம்பையா கெடுத்துவிடும் என்ற நினைப்பு!)

மறுநாள் பந்தி. அதற்கு மறுநாள் விடிந்ததும் பாதிச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏலச்செடிக்குள் ஓடியது.

"மோருதான்" என்று முதலில் சொன்னவன் நான். பந்திக்கு மோர் ஊற்றியவர், நீங்கள் அத்தை என்று கூப்பிடும் செல்லத்தாயி. போடியிலிருந்து தினமும் குடத்தோடு ஜீப்பில் வருபவர், அன்றும் வந்து இறங்கினார். மறித்தேன்.

"ஏத்தா, என்னத்தக் கலந்த?"

"அண்ணே, இத வச்சுத்தாண்ணே எங்க வீட்டுச் சோறு. பேரு கெட்டா யாரு வாங்குவா?"

"வெரசா கீழ கொட்டு!"

எல்லோரும் பார்க்கக் கொட்டினார். நான் நடுவில் இரண்டு தடவை செடிக்குள் ஓடிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து திட்டினேன்.

மத்தியானம் சுகாதார ஆய்வாளர் அம்மா வந்தார். யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்து எழுதினார்.

"நீங்க மோர் குடிச்சீங்களா?"

"இல்ல மேடம், எனக்குச் சளி."

"அப்ப நீங்க எதுக்கு ஓடுறீங்க?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விரதத்தில் கறி தொடாமல் மோர் மட்டும் குடித்த நாலு பெண்கள் ஒன்றும் ஆகாமல் கல்லுப் போல நின்றார்கள்.

"குழம்ப எங்க வச்சிருந்தீங்க?"

பெருமையாகச் சொன்னேன்: "ஸ்டோருல மேடம். விடிய விடிய ஆறவே விடலையே!"

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த இளஞ்சூட்டுலதாங்க கிருமி பெருகும்."

செல்லத்தாயி வெறுங்குடத்தோடு ஜீப்புக்கு நின்றார். எதிரே போய் நின்றேன். காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்தேன்.

"என்னண்ணே, மறுபடியும் வருதா? போய்ட்டு வாங்க, நா இங்கனதான் நிக்கிறேன்."

அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

இன்றும் சோறு ஆறியிருக்கிறது என்று நான் முனகினால் உங்கள் அம்மா, "ஸ்டோருல வைக்க மறந்துட்டேன்" என்கிறாள். நீங்கள் உருண்டு சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அத்தை மோர் கொண்டுவந்தால் அப்பா தலை குனிந்தபடியே டம்ளரை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சளி பிடித்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்வதில்லை.