கேட்கக் கூடாத கேள்வி

காலா, கண்ணா, காதா? அது மட்டும் கதிர்வேலுக்குத் தெரியவில்லை.

திருச்செங்கோட்டில், போர்வெல் லாரிக்காரர்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் அவன் டீம் லீடர். இன்று சேரப்போகும் புரோகிராமர் ஒரு மாற்றுத்திறனாளி என்பதோடு முதலாளி நிறுத்திக்கொண்டார். கூடவே ஒன்று சொன்னார்: "மொத நாளே அவிங்க மனசு நொந்து போனா, உன்ற எடத்துல உன்ற டீம்ல இருக்கற தீபிகாதான்."

ஒன்பது மணிக்கு, தோளில் பையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"சார், நான்..."

"நீங்க எதையும் விளக்க வேண்டாமுங்க. எங்களுக்குப் புரியுமுங்க."

கையோடு அவளைக் காலைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். பத்தே நிமிடத்தில் முடிய வேண்டும் என்று தினமும் எல்லாரும் நின்றபடியே பேசும் கூட்டம் அது. அறையில் நாற்காலியே கிடையாது.

'கால் வலிக்குமே!' என்று பதறினான். "எல்லாரும் கீழ உக்காருங்க!"

எட்டுப் பேரும் தரையில் சம்மணம் போட்டார்கள். அவள் மட்டும் திகைத்து நின்றாள்.

"கால் நல்லாத்தான் இருக்குது. அப்பக் கண்ணுதான்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த புரோகிராமர் சிவபிரகாஷின் காதில் கிசுகிசுத்தான். பலகையில் ஒட்டியிருந்த வேலைச் சீட்டுகளையெல்லாம் பிய்த்து, ஒவ்வொன்றாக உரக்கப் படித்தான். எது முடிந்த வேலை, எது முடியாத வேலை என்பது அத்தோடு போயிற்று. நேற்றே முடித்த வேலை சிவபிரகாஷ் தலையில் மறுபடியும் விழுந்தது.

அவன் கையிலிருந்த சீட்டுகளையே அவள் உற்றுப் பார்த்தாள். ஓகோ, காது!

"இனி யாரும் வாயத் தொறக்கப்படாது. எழுதித்தான் காட்டோணும்."

எழுதினார்கள். ஒருவர் கையெழுத்து இன்னொருவருக்கு விளங்கவில்லை. பத்து நிமிடக் கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது.

"ஏனுங்க, அவிங்களையே கேட்டுப்போடலாமுங்களே?" என்றாள் தீபிகா, பொறுக்கமாட்டாமல்.

"கேட்டா மனசு நோகாதா? மனுசத்தன்மை வேணும் தீபிகா!"

வாட்ச்மேன் சடையன் இரண்டு முறை கதவைத் தட்டினார். கூட்டம் முடியட்டும் என்று கதிர்வேல் கையைக் காட்டிவிட்டான்.

"சார், என்னையப் பேச உடுங்க சார்..." அந்தப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது.

கதிர்வேல் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். வேலை போவது இருக்கட்டும், அவளை நல்லபடியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டவன், பாவம்.

மூன்றாம் முறை சடையன் தட்டவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ஏனுங் சார், ஏ.சி. ரிப்பேர் பாக்க வந்த புள்ளைய எதுக்குங்க அழ வெக்கறீங்க? வேலைக்குச் சேர வந்த தம்பி வீல்சேர்ல ஒம்பது மணியிலிருந்து படிக்குக் கீழயே காத்துட்டிருக்குதுங்க, மேல வர வழிதான் இல்லீங்க!"