‘கறி’ என்று தேடினேன், இல்லை என்றது

எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டவருக்கு வருகிற தைரியம், முழுதாகத் தெரிந்தவருக்கு வரவே வராது. 2004-ல் என்னிடம் அந்தத் தைரியம் எக்கச்சக்கமாக இருந்தது. கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒன்றை முடித்திருந்தேன். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு, அரியலூர் கடைவீதியில் இருந்த எங்கள் பாத்திரக் கடையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அப்பா மாட்டியிருந்தார். (ஊதுபத்தி இரண்டுக்கும் சேர்த்துத்தான் காட்டுவார்.)

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்ததே நான் பில் போடுவதற்காக. டெலிபோன் ஒயரைப் பிடுங்கி அதில் செருகினால் இன்டர்நெட் கிடைக்கும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து யாரும் போன் பண்ண முடியாது. அதனால் காலையில் ஒருமுறை இணைத்து, வந்த மெயில்களை எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்த மெயில் புரோகிராமுக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாகப் படிப்பேன்.

படிப்பேன் என்றா சொன்னேன்? அங்கேதான் கதையே இருக்கிறது.

அந்த வருடம் எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை குமரவேல், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெற்றோர் பெரம்பலூரில். கடிதப் போக்குவரத்து முழுக்க அவருடைய அக்கா தமிழரசியின் பொறுப்பு. அக்கா சிங்கப்பூரில் இருந்தார். தமிழில் மெயில் எழுதக் கற்றுக்கொண்ட புதிது போலிருக்கிறது, எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். தன் அடுக்குமாடி வீட்டு லிப்ட், மாமனாரின் மூட்டுவலி, அங்கே முருங்கைக்காய் விற்கிற விலை என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். முடிவில், “எல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன்” என்று ஒரு வரி. நான் முதல் பத்தியையும் அந்தக் கடைசி வரியையும் படித்துவிட்டு, “நல்லா இருக்காங்களாம்பா” என்று அப்பாவுக்குச் சுருக்கிச் சொல்வேன்.

பெண் பார்த்துப் பிடித்துப் போய், அடுத்ததாகக் கை நனைக்க வருவதாகச் சொன்னார்கள். கை நனைப்பது என்றால் பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது. சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்து போனால் அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சே கிடையாது.

வீட்டில் விவாதம் ஆரம்பித்தது.

“நல்ல காரியம். பருப்பு, சாம்பார், பாயசம் போதும்” என்றாள் அம்மா.

“மொதமொதல்ல வூட்டுக்கு வர்றவங்களுக்குப் பருப்பு ஊத்துனா கஞ்சப்பயன்னு நெனைப்பாங்க. கறி போட்டாத்தான் மரியாதை” என்றார் அப்பா.

“அவங்க கறி திம்பாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்.”

“கேட்டா, ‘மெயில்ல எழுதுனதப் படிக்கலையா’ன்னு கேப்பாங்க. ஏம் பாப்பா, அந்தப் பொண்ணு இதப்பத்தி ஏதாச்சும் எழுதியிருக்கா?”

எழுதியிருக்கலாம். ஆனால் அத்தனை மெயிலையும் உட்கார்ந்து யார் படிப்பது? மெயில் புரோகிராமில் தேடுகிற வசதி இருந்தது. கோர்ஸில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பாவையும் அம்மாவையும் கடைக்கு அழைத்துப்போய், இரண்டு முக்காலியில் உட்காரவைத்து, வித்தை காட்டத் தயாரானேன். முதலில் சோதனைக்கு, அனுப்பியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைப் போட்டுத் தேடினேன். அக்காவின் மெயில்கள் பூராவும் வரிசைகட்டி வந்து நின்றன. அப்பா முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“இப்ப கடிதத்துக்கு உள்ள தேடப் போறேன் பாருங்க” என்று ‘கறி’ என்று அடித்தேன்.

எதுவும் கிடைக்கவில்லை என்றது கம்ப்யூட்டர். ‘சைவம்’ என்று தேடினேன். இல்லை. ‘மீன்’. இல்லை. ‘சாப்பாடு’ என்றுகூடத் தேடினேன். அதுவும் இல்லை. ஒரு தமிழ்ப் பெண்மணி அத்தனை பக்கம் எழுதியிருக்கிறார், அதில் ‘சாப்பாடு’ என்ற சொல்லே வரவில்லை என்றால், மூளை உள்ள யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். எனக்குச் சான்றிதழ் இருந்ததால் வரவில்லை.

“ஒரு வார்த்தைகூட எழுதலப்பா. கறியே போடுங்க” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். அவருடைய கணவர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, “பக்கத்து வூட்டுல ஏதும் விசேஷங்களா?” என்று கேட்டார்.

“பக்கத்து வூடா?” அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம வூட்டுலதாங்க சம்பந்தி! செந்துறை வெள்ளாடு. காலையிலதான் அறுத்தோம். ஈரல் தனி, தலக்கறி தனி, ரத்தப் பொரியல் தனி!”

செருப்பைக் கழற்றிய கால்கள் மறுபடி செருப்பைத் தேடின.

மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகத்தான் பேசினார். “நாங்க மூணு தலைமுறையா வடலூர் வள்ளலார் சபைக்குப் போற குடும்பங்க. முட்டைகூடத் தொட மாட்டோம். எழுதச் சொல்லியிருந்தேனே. தமிழரசி எழுதலையா?”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பட்டுப்புடவையும் தலைநிறையப் பூவுமாக முன்னால் வந்து, தெளிவான குரலில் சொன்னேன்: “இல்லைங்க அத்தை. அவங்க எழுத மறந்துட்டாங்க. நான் நல்லாத் தேடிப் பாத்துட்டேன்.”

“எழுதுனாங்களே” என்றார் குமரவேல். “எனக்கும் அதே மெயில் வந்துச்சு.”

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அடுப்பில் ஈரல் சடசடத்தது.

“அந்த மெயில் எங்க இருக்கு? பாக்கலாமா?” என்று குமரவேல் கேட்டார். வீட்டுக்குள் நுழைய முடியாதவர்களுக்கு எங்காவது போக ஓர் இடம் வேண்டியிருந்தது. எல்லோருமாக அடுத்த தெருவுக்கு நடந்து, கடையைத் திறந்து, கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றோம். அவர் ஒரு மெயிலைத் திறந்து கீழே இறக்கினார். லிப்ட் வர்ணனைக்கும் மூட்டுவலிக்கும் நடுவில் பளிச்சென்று இருந்தது: “நாங்கள் கறி, மீன், முட்டை சாப்பிட மாட்டோம். அந்த வாசனைகூட அம்மாவுக்கு ஆகாது.”

“ஆனா நான் தேடுனேங்க” என்றேன். அவர் கண் முன்னாலேயே மறுபடி ‘கறி’ என்று தேடிக் காட்டினேன். இல்லை என்றது. அவர் எதையோ அழுத்தி, அந்த மெயில் கம்ப்யூட்டருக்குள் எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் திறந்தார். திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாக, யாரோ கீபோர்டில் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது.

“இது என்ன பாஷைங்க மாப்ள?” என்றார் அப்பா.

“அக்கா எழுதுன தமிழ்தான் மாமா. அனுப்பும்போது இப்படி மாத்தி அனுப்பும். நாம தொறந்தா திரும்பத் தமிழாக்கிக் காட்டும். அனுப்புனவங்க பேரு வெளிய இருக்கு, அதைக் கண்டுபிடிச்சுடுது. உள்ள இருக்கறதை மட்டும் தமிழாக்காம, இந்தக் குப்பையிலயே போய் ‘கறி’ன்னு தேடுது. எப்படிக் கெடைக்கும்?”

“அப்ப அது தேடவே இல்ல. தேடற மாதிரி நடிச்சிருக்கு” என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அப்பா முதலில் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. “நல்ல நேரம் முடியப் போவுது. கெளம்பலாங்க” என்றார்.

அப்போதுதான் அம்மா முன்னால் வந்தாள். “அண்ணி, கொஞ்சம் இருங்க. இது பாத்திரக் கடை. இங்க உள்ள எதுலயும் இதுவரைக்கும் தண்ணிகூடப் பட்டதில்ல. புதுப் பாத்திரம், புது அடுப்பு. உங்க முன்னாடியே செஞ்சு தரேன். ஒரு வாய் சாப்புட்டுப் போங்க.”

அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, “பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க” என்று சொல்லி, அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

மளிகைக் கடையிலிருந்து ரவையும் எண்ணெயும் தாளிக்கிற சாமானும் வந்தன. குத்துவிளக்குகளுக்கும் குக்கர் அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவில் பம்ப் ஸ்டவ் வைத்து அம்மா உப்புமா கிளறினாள். ஸ்டிக்கர்கூடப் பிய்க்காத எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டு, என் மாமனாராகப் போகிறவர் கை நனைத்தார். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. ஆட்டுக்கறி மொத்தமும் அந்தத் தெருவுக்கே போனது. (என் கல்யாணத்தை இன்றும் வாயாரப் பாராட்டுகிறவர்கள் அவர்கள்தான்.)

தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் சாவி, மூக்குக்கண்ணாடி எது காணாமல் போனாலும், நான் “எல்லா இடத்துலயும் தேடிட்டேன், இல்லை” என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இன்னொருவர் எழுந்து போய்த் தேடுகிறார். கிடைத்தும் விடுகிறது.

தமிழரசி அண்ணி மட்டும் அன்றிலிருந்து முறையை மாற்றிக்கொண்டார். எனக்கு எதை எழுதினாலும் முக்கியமான செய்தியை முதல் வரியிலேயே வைத்துவிடுவார். எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது சிங்கப்பூரிலிருந்து வந்த வாழ்த்து இப்படித்தான் தொடங்கியது: “நாங்கள் கறி சாப்பிட மாட்டோம். பெண் குழந்தை பிறந்ததில் மிகவும் மகிழ்ச்சி.”