மின்னாத விளக்கு

மதியம் ஆகியும் போன் மின்னவில்லை.

கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் கமலநாதன், மேசையில் கவிழ்த்து வைத்திருந்த போனின் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சிய விட போனத்தான் அதிகமா பாக்குறீங்க" என்று காலையில் மனைவி மலர்விழி சண்டை போட்டிருந்தாள். ரோஷம் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள் ஷாமினியிடம் போனைக் கொடுத்து, எல்லாச் சத்தத்தையும் அடைத்து, மலர்விழியின் செய்தி வந்தால் மட்டும் பின்பக்க விளக்கு மின்னும்படி வைத்துக்கொண்டார்.

"இனிமே உன் வெளிச்சம் மட்டுந்தான்!"

"பாக்கலாம் லா" என்றாள் மலர்விழி.

கல்யாணமான புதிதில் இருவரிடமும் கைப்பேசி கிடையாது. மாலையில் கிள்ளான் ஸ்டேஷனில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு அடித்து, ஒரே மணியில் வைத்துவிடுவார். ரயில் ஏறப் போகிறார் என்று அர்த்தம். அவர் படியேறும்போது உள்ளே தேநீர் ஆற்றும் சத்தம் கேட்கும். அந்த ஒற்றை மணிக்காகப் பகலெல்லாம் காத்திருந்தவளுக்கு, இன்று ஒரு செய்தி அனுப்ப மனம் வரவில்லையா?

விளக்கு கெட்டிருக்குமோ? பக்கத்து மேசை விஷ்ணுப்ரியாவை ஒரு செய்தி அனுப்பச் சொன்னார். மின்னவில்லை.

"பழுதுதாம்மா!"

"ஆன்டிக்கு மட்டுந்தானே செட் பண்ணியிருக்கீங்க அங்கிள்? நான் அனுப்புனா எப்படி மின்னும்?"

"அப்ப எல்லாருக்கும் தொறந்து விடு, பாப்போம்."

திறந்து விட்டாள். போன் தீபாவளி நேரத்து பிரிக்பீல்ட்ஸ் தெருவாகிவிட்டது. கோயில் கமிட்டி, பள்ளிக்கூடத் தோழர்கள், கோழிக்கடை... ஒவ்வொரு மின்னலுக்கும் அவர் நெஞ்சு துள்ளியது. மேலாளர் செந்தில் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது மின்னியதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன அங்கிள், எனி ப்ராப்ளம்?"

கமலநாதன் போனைப் புரட்டிப் பார்த்தார். "இல்ல பாஸ்... கோழி மலிவாம்."

கூட்டமே சிரித்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவர் போனைப் பார்த்ததில்லை.

அவரே ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் சண்டையை ஆரம்பித்தவள் அவள்; அவளே முதலில் பேசட்டும் என்று வீம்பு. நேரம் போகப் போக வீம்பு கரைந்து பயம் வந்தது. மயக்கம் போட்டு விழுந்திருப்பாளோ? அறைக்குள் வேலையாக இருக்கும் ஷாமினிக்கும் தெரிந்திருக்காது; அவளைக் கேட்டாலோ அம்மாவிடம் சொல்லிவிடுவாள்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினார். அடுக்குமாடியில் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் மூச்சிரைக்கப் படியேறி, கதவைத் தட்டினார். ஷாமினி திறந்தாள்.

"அம்மாவுக்கு என்னம்மா ஆச்சு? காலையிலேர்ந்து ஒரு மெசேஜ் கூட இல்லையே!"

ஷாமினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க போனதுமே, எனக்கும் அப்பா லைட்ட மட்டும் வச்சுக் குடுன்னு கேட்டு வாங்கிட்டாங்கப்பா. காலையிலேர்ந்து அடுப்புகூட பத்தவைக்காம அந்தப் போன் முன்னாடியேதான் உக்காந்திருக்காங்க!"